அவள் திட்டாதவர்கள்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, என் தங்கை விட்டுப்போனது ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து பேரில் ஒருவர்கூட இன்றுவரை என் முகத்துக்கு நேராக எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சந்தேகம் இருந்தால் ஊரிகத்தில், தங்கச் சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் வந்து கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மீதியைச் சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் வேறு ஏதாவது படிக்கப் போகலாம்.

எழுதப்போவது எங்கள் எதிர் வீட்டில் இருந்தவளைப் பற்றி. பெயர் போடமாட்டேன். மறந்துபோய் இல்லை. அவள் இப்போது ஓசூரில் ஒரு இடத்தில் வேலை செய்கிறாள். பெயரைப் போட்டு, அது அங்கே இருப்பவர்கள் கண்ணில் பட்டு, ‘ஓகோ, நீதானா அது’ என்று யாராவது கேட்டுவைத்தால் அவள் பிழைப்பு என்ன ஆவது? அதனால் அவள் வெறும் அவளாகவே இருக்கட்டும்.

அவளுக்குத் திட்டத் தெரியும். எங்கள் லைனில் எல்லாருக்கும் திட்டத் தெரியும், அது பெரிய விஷயமில்லை. டேங்கர் வரும்போது இரண்டு குடம் முட்டிக்கொண்டால் போதும், தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் ஏறி, கன்னடத்தில் இறங்கும். அவள் திட்டு அந்த வகை இல்லை. அதில் ஒரு கெட்ட வார்த்தை இருக்காது. யாரைத் திட்டப்போகிறாளோ அவரை முதலில் நன்றாக இருக்கச் சொல்லுவாள். காலிக் குடத்தைத் தரையில் கவிழ்த்து, அதன் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள் என்றால் பேச்சு ஆரம்பம் என்று அர்த்தம்.

“நம்ம கவுன்சிலர் ஐயா நல்லா இருக்கட்டும். அவரு புள்ளைகுட்டிங்க நல்லா இருக்கட்டும். லைனு பூரா பைப்பு போட்டுக் குடுத்தாரு, யாரும் மறக்கக் கூடாது. அந்தப் பைப்பைத் தொறந்தா புஸ்ஸுனு காத்து வருது. ஐயா, எங்க வூட்ல ஃபேன் கீதுங்க. எங்களுக்குத் தண்ணிதான் வேணும்.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரிப்பார்கள். டேங்கர் டிரைவரும் சிரித்துச் சிரித்துத் தண்ணீரைக் கீழே விடுவார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

“வாயை வச்சிகினு சும்மா இரேன்டி. வேலைக்குப் போறவ நீ.”

“வேலைக்குப் போறவளுக்குத் தாகம் எடுக்காதா பெரிம்மா?”

இப்படித்தான் பதில் சொல்லுவாள், குரலை உயர்த்தாமல். புருஷன் கூட இல்லாமல் ஒரு பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பவளுக்கு இவ்வளவு வாய் எதற்கு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவள் திட்டில் ஒரு சட்டம் இருக்கிறது என்பது எனக்கு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. இந்தக் கவுன்சிலரின் கட்சிக்கு முன்னால் இருந்த கட்சியை, அது இருந்த காலம் முழுவதும், கவிழ்த்த குடத்தின் மேல் கை வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். தேர்தல் முடிந்தது, அவர்கள் போனார்கள், வேறு கட்சி வந்தது. மறுநாளிலிருந்து போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்தவர்களைத் திட்ட ஆரம்பித்தாள்.

“இன்னாடி, கட்சி மாறிட்டியா?” என்று கேட்டேன்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஆமா பெரிம்மா” என்றாள். “போன வாட்டி அவங்களுக்குப் போட்டேன், அவங்களைத் திட்டனேன். இந்த வாட்டி இவங்களுக்குப் போட்டேன், இவங்களைத் திட்டறேன். உங்க கிட்டதான் சொல்றேன், வெளில சொல்லாதீங்க.”

“ஓட்டு போட்டவங்களை எவளாச்சும் திட்டுவாளா? போடாதவங்களைத்தான் திட்டுவாங்க.”

“உங்க புள்ளை பரிச்சைல பெயிலானா உங்க புள்ளைய அடிப்பீங்களா, எதிர் வூட்டுப் புள்ளைய அடிப்பீங்களா?”

என் பிள்ளைகள் யாரும் பெயிலானதில்லை என்று சொன்னேன். பெரியவன் ஒருமுறை ஆனான், அது வாத்தியார் தப்பு.

அதற்கப்புறம் அவளைக் கவனித்தேன். எல்லா இடத்திலும் இதே கதைதான். சர்ச்சில் அவள் பாடகர் குழுவில் இருந்தாள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் குழுத் தலைவரிடம் போய், “ஐயா நல்லா இருக்கணும், இன்னிக்கி நாம பாடனது கல்யாணப் பாட்டுங்க, சாவு வூட்ல பாடற மாதிரி இழுத்துட்டோம்” என்பாள். பக்கத்துத் தெருச் சர்ச்சில் பாடுகிறவர்கள் நிஜமாகவே சாவு வீட்டில் பாடுகிற மாதிரிதான் பாடுவார்கள். அவர்களைப் பற்றிக் கேட்டால், “ரொம்ப அருமையா பாடறாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

அவள் வீட்டுக்காரன் ஆண்டர்சன்பேட்டையில் இன்னொருத்தியோடு இருந்தான். ஊருக்கே தெரியும். அவனைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு குறை வந்து நான் கேட்டதில்லை. “நல்ல மனுஷன்” என்பாள், அவ்வளவுதான். பொறுமையென்றால் இதுதான் என்று என் மருமகள்களுக்கு அவளை உதாரணம் காட்டியிருக்கிறேன். ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது அதை அவளிடமே சொன்னேன். கிளிப்பை வாயிலிருந்து எடுத்து, “அவரைத் திட்டறத எப்பவோ நிறுத்திட்டேன் பெரிம்மா” என்றாள். கொடியில் அடுத்த துணியைப் போட்டாள்.

அதுவரை என்னையும் அவள் திட்டியதே இல்லை. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் வேலை பார்த்தது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், புடவைப் பகுதியில். கடைப் பெண்கள் எல்லாருக்கும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரே மாதிரிப் புடவை, தோளில் கடையின் பெயர் பின்னியிருக்கும். அங்கேயும் அவள் வாய் அதே வாய்தான். யாருக்காவது ஒரு புடவை பிடித்துவிட்டால், அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, கட்டை விரலால் தேய்த்துப் பார்ப்பாள். “இது மொத தண்ணிலயே சாயம் போவும்மா. வேற எடுங்க.” முதலாளி கடையில் நின்று, முதலாளி புடவையைக் கட்டிக்கொண்டு, முதலாளி சரக்கைக் குறை சொல்லுவாள்.

முதல் தடவை கேட்டபோது முதலாளிக்குக் கோபம் வந்ததாம். அப்புறம் பார்த்தால், ஒன்றை வேண்டாம் என்று அவள் தடுத்தவர்கள் இரண்டாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். “அந்தக்கா இன்னிக்கி இல்லையா?” என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று போகிறார்கள். வியாபாரி இல்லையா, புரிந்துகொண்டார். அவளைக் கொண்டுவந்து வாசலுக்கு நேராக முன் வரிசையில் நிறுத்தினார். தீபாவளிக்குத் தனியாகக் கவனித்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை என்று கடைப் பெண்களுக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வண்டி அனுப்புவார். ஆனால் அவர் கட்சியில் இருந்தார். அந்தக் கட்சி எதுவென்று நான் சொல்லத் தேவையில்லை, அவள் ஓட்டுப் போட்ட கட்சிதான், காற்று வரும் பைப்புப் போட்ட கவுன்சிலரின் கட்சிதான். அடுத்த தேர்தலில் எங்கள் வார்டில் தானே நிற்கவேண்டும் என்று முதலாளிக்கு ஆசை.

ஒரு சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்து பஸ்ஸைவிட்டு இறங்குவதற்கும் டேங்கர் வருவதற்கும் சரியாக இருந்தது. புடவை மாற்ற நேரமில்லை, அப்படியே குடத்தோடு வந்து நின்றாள். அந்த வாரம் லைன் முனையில் ஒரு வரவேற்பு வளைவு கட்டியிருந்தார்கள். கவுன்சிலர் முகமும் மந்திரி முகமும் போட்டு, சுற்றிலும் சீரியல் பல்பு.

அவள் குடத்தைக் கவிழ்த்தாள்.

“ஐயாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும். வளைவு ரொம்ப அழகா கீது. ஆனா நம்ம லைனுக்கு யாருங்க வர்றாங்க, வரவேற்க? ஒரே ஒரு ஆளுதான் வர்றாரு, டேங்கர் டிரைவரு. அவரு வண்டி அந்த வளைவுல நுழையாதாம், சுத்திகினு பின்னால வர்றாரு.”

நிஜமாகவே டேங்கர் அன்றைக்கு வளைவில் தட்டிவிட்டுப் பின்பக்கமாகத்தான் வந்தது. வரிசையே உருண்டு சிரித்தது. யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள். மறுநாள் காலைக்குள் அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. என் இரண்டாவது மகன் பெங்களூரிலிருந்து போன் செய்து, “அம்மா, நம்ம எதிர் வூட்டு அக்கா பேசறாங்க பாத்தியா” என்றான். சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “வேலைக்கு ஆபத்து வரும்மா. எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். எதையாவது போட்டா, வேற காரணம் சொல்லி அனுப்பிடுவாங்க. நான் நல்ல நாளுக்கு வாழ்த்துகூட போடறதில்ல” என்றான். கெட்டிக்காரன். நான் வளர்த்த பிள்ளை.

முதலாளி அவளைக் கேபினுக்குக் கூப்பிட்டார். அங்கே நடந்ததை அவளே வந்து சொன்னாள்.

“உக்காரும்மா. நீ மனசுல இன்னா வேணா நெனச்சிக்கோ, நான் கேக்கல. ஆனா கடைக்கு எல்லாக் கட்சிக்காரனும் வர்றான். நம்ம புடவையைக் கட்டிகினு நீ பேசனா கடையே பேசன மாதிரி ஆவுது. கடைக்குக் கட்சி கெடையாதும்மா.”

அவர் தலைக்கு மேலே, அவரும் கட்சித் தலைவரும் ஒரே மாலைக்குள் நிற்கும் போட்டோ மாட்டியிருந்ததாம். கடைப் பையின் ஒரு பக்கத்தில் கடைப் பெயர், மறுபக்கத்தில் அதே தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. எல்லாக் கட்சிக்காரர்களும் அந்தப் பையில்தான் புடவை வாங்கிக்கொண்டு போனார்கள்.

“அவரு சொல்றதுலயும் ஞாயம் கீது பெரிம்மா” என்றாள் அவள். “தோள்ல அவரு கடை பேரு. அதைப் போட்டுகினு நான் பேசக் கூடாதுதான்.”

அன்றிலிருந்து டேங்கர் சத்தம் கேட்டால் முதலில் வீட்டுக்குள் ஓடுவாள். கடைப் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, நைட்டி போட்டு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வருவாள். தோளைத் தட்டிக் காட்டி, “கடை மூடியாச்சு” என்பாள். அப்புறம்தான் குடத்தைக் கவிழ்ப்பாள். இவள் துணி மாற்றும் நேரத்தில் வரிசையில் இடம் போய்விடும். அதனால் மற்றப் பெண்கள் அவள் குடத்தைத் தள்ளித் தள்ளி முன்னால் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். பேச்சு கேட்க வேண்டுமே.

நைட்டியில் பேசியதையும் யாரோ படம் பிடித்தார்கள். கீழே ஒருவர், ‘இது ஜவுளிக்கடை அக்கா இல்ல?’ என்று போட்டுவிட்டார்.

மறுபடியும் கேபின்.

“நைட்டி போட்டாலும் மூஞ்சி அதே மூஞ்சிதானேம்மா. எல்லாருக்கும் தெரியுது, நம்ம கடைப் பொண்ணுன்னு.”

“அப்ப எந்நேரத்துல மொதலாளி நான் உங்க கடைப் பொண்ணு இல்ல? சொன்னீங்கன்னா அந்நேரத்துல பேசிக்கறேன்.”

பதில் இல்லாத முதலாளிகள் செய்வதைச் செய்தார். “கொஞ்ச நாளைக்கு வூட்ல இரும்மா. அப்பாலிக்கா சொல்லி அனுப்பறேன்.”

அவள் மகளுக்கு அது நர்சிங் கடைசி வருஷம். அவள் வீட்டில் இருக்க முடியாது என்பது முதலாளிக்கும் தெரியும்.

டேங்கர் வரிசையில் அந்த வாரம் இதுதான் பேச்சு. சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்றார்கள் பாதிப் பேர். கையை வாடகைக்கு விட்டால் வாயையும் சேர்த்தா விடவேண்டும் என்றார்கள் மீதிப் பேர். நான் முதல் கட்சி. அவளிடமே சொன்னேன். அவள் குடத்தைக் கவிழ்க்காமல், இடுப்பில் வைத்தபடியே, “எங்கப்பாவும் உங்க வூட்டுக்காரரும் வேற வேற சங்கம் இல்ல பெரிம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம். வேறு வேறு கொடி. சங்க ஆபீஸ் வாசலில் நின்று ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். ஷிப்ட் மணி அடித்ததும் ஒரே கேஜுக்குள், அந்த இரும்புக் கூண்டுக்குள், தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். யார் எந்தக் கொடி என்று கேஜ் கேட்டதில்லை. பதில் இல்லாதபோது நானும் முதலாளி மாதிரிதான், பேச்சை மாற்றிவிடுவேன்.

ஆனால் மனதுக்குள் ஒரு யோசனை வந்துவிட்டது. அவளை எதிர்க்கட்சி என்று நினைத்துத்தானே முதலாளி வீட்டில் உட்காரவைத்திருக்கிறார். அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று தெரிந்தால்? வெள்ளைப் புடவை கட்டி, பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் கைப்பையை எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து ராபர்ட்சன்பேட்டைக்குப் போனேன். யாரையும் கேட்டுக்கொண்டு எதையும் செய்வது என் வழக்கமில்லை. அவளையும் கேட்கவில்லை.

முதலாளி எழுந்து நின்று நாற்காலி போட்டார். என் வயதுக்கு யாரும் அதைச் செய்வார்கள். சுற்றிவளைக்காமல் சொன்னேன்.

“நீங்க தப்பா நெனச்சிகினு கீறீங்க. அந்தப் பொண்ணு ஓட்டு போட்டது உங்க கட்சிக்கு.”

“இன்னாம்மா சொல்றீங்க? போட்டுட்டா இந்தத் திட்டு திட்டறா?”

“போட்டதாலதான் திட்டறா. போடலைன்னா உங்களைக் கண்டுக்கவே மாட்டா.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். “அட, நம்ம வூட்டு ஆளு. இது தெரியாம போச்சே. நாளைக்கே வரச் சொல்லுங்க” என்றார். டீ வந்தது. நான் பாதி குடித்திருக்கும்போது, “ஒரு சின்ன வேலைதாம்மா” என்று ஆரம்பித்தார். “அதே டேங்கர்கிட்ட நின்னு, நான் இவங்களுக்குத்தான் போட்டேன், இனிமேலும் போடுவேன், இவங்க நல்லவங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லட்டும். நம்ம ஆளுங்க வந்து வீடியோ எடுத்துக்குவாங்க.”

“கடைக்குக் கட்சி கெடையாதுன்னு சொன்னீங்களாமே.”

“கடைக்கு இல்லம்மா. அவளுக்கு இருக்கலாம் இல்ல?” டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். “அப்புறம், அந்தக் கடைப் புடவையையே கட்டிகினு சொல்லச் சொல்லுங்க. பாக்க நல்லா இருக்கும்.”

வெற்றியோடு திரும்பினேன். ஆட்டோவில் வரும்போதே, எனக்கு அவள் எப்படி நன்றி சொல்லுவாள், நான் எப்படி அதெல்லாம் வேண்டாம் என்பேன் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“யாரைக் கேட்டுப் போனீங்க பெரிம்மா? எழுவதை நெருங்கிகினு கீறீங்க, அறிவு வேணாம்? என் ஓட்டு யாருக்குன்னு நான் பெத்த பொண்ணுக்கே தெரியாது. உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் சொன்னேன். அது உங்க வாயில நிக்காதா? ஐஞ்சு புள்ளைய வளத்தேன், ஐஞ்சு புள்ளைய வளத்தேன்னு சொல்லிகினு கீறீங்களே. அதுல ஒண்ணாவது உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தா, இன்னிக்கி இந்த வேலை பண்ணியிருப்பீங்களா?”

இன்னும் நிறைய சொன்னாள். நன்றாக இருக்கட்டும் என்றுகூட ஆரம்பிக்கவில்லை. லைனில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நான் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் வயதில் இப்படி ஒரு சொல் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தது போலிருக்கிறது. அதோடு அவளிடம் பேச்சை விட்டேன்.

நான் பேச்சை விட்டேனே தவிர ஜன்னலை விடவில்லை. அடுத்த டேங்கர் நாளன்று கடை ஆட்கள் போனோடு வந்தார்கள். அவள் கத்தரிப்பூப் புடவை கட்டி வந்தாள். குடத்தைக் கவிழ்க்கவில்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள்.

“எங்க கவுன்சிலர் ஐயா நல்லவரு. எங்க மொதலாளி ஐயா நல்லவரு. பைப்பு நல்லா கீது. வளைவு நல்லா கீது. எதிர்க்கட்சிக்காரங்களும் நல்லவங்கதான். எல்லாரும் நல்லவங்க.”

ஓட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. எதிர்க்கட்சி வந்த இடத்தை வெட்டிவிட்டு மீதியை ஊருக்கு அனுப்பினார்களாம். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. டேங்கர் டிரைவர் ஒரு சொட்டு சிந்தாமல் எல்லாக் குடத்தையும் நிரப்பினார். மறுநாள் அவள் வேலைக்குப் போனாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. மருமகள்களுக்குப் புடவை எடுப்பது என் கை. எப்போதும் அந்தக் கடையில்தான் எடுப்பேன், ஒருத்தியோடு பேச்சில்லை என்பதற்காக நான் கடை மாறுகிறவள் இல்லை. அவள் முன் வரிசையில் நின்றிருந்தாள்.

“வாங்க மேடம். உக்காருங்க மேடம்.”

அவள் என்னை மேடம் என்றது அதுதான் முதல் தடவை. திட்டியதற்கு வெட்கப்பட்டு மரியாதை கொடுக்கிறாள் என்று நினைத்து, கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தேன். பெரிய மருமகளுக்கு ஒரு கிளிப்பச்சைப் புடவையை எடுத்து, “இது சாயம் போகுமா?” என்று கேட்டேன்.

“எல்லாம் நல்ல சரக்குதான் மேடம்.”

அவள் விரல் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மேசை மேல் கோத்து வைத்திருந்தாள். ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்பது என் வழக்கமில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் தண்ணீரிலேயே போனது. என் பெரியவன் சர்ச்சில் வேதம் வாசிக்கப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டையும் அதே பக்கெட்டில் இருந்தது. அது கிளியாகவே ஆகிவிட்டது. மருமகள், “பரவால்ல அத்தை, பச்சையும் நல்லாத்தான் இருக்குது” என்றாள். என் வீட்டில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள்.

பக்கெட்டுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ‘எல்லாம் நல்ல சரக்குதான் மேடம்’ என்ற குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். தண்ணீர் பச்சையாகிக்கொண்டே வந்தது. ‘நல்ல மனுஷன்’ என்று ஆண்டர்சன்பேட்டைக்காரனைச் சொல்லும்போது வரும் குரல் அது.

எழுந்து, சொட்டச் சொட்டப் புடவையை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டில் இருந்தாள். வாசற்படியில் புடவையைப் போட்டேன்.

“இன்னாடி இது?”

அவள் குனிந்து ஓரத்தை எடுத்து, கட்டை விரலால் தேய்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“பச்சைய எவளாவது வெள்ளையோட ஊற வைப்பாளா? மொத தண்ணிக்கு உப்பு போட்டீங்களா? எங்க போடப்போறீங்க. இத்தனை வருஷமா குடும்பம் பண்ணி இன்னாத்தைக் கண்டீங்க? கடைல நான் கையைக் கட்டிகினு நிக்கறேனே, கண்ணு தெரியலையா உங்களுக்கு? நான் தேச்சிப் பாக்காத புடவைய எதுக்கு வாங்கனீங்க?”

நான் நின்று முழுவதையும் கேட்டேன். குறுக்கே ஒன்றும் பேசவில்லை. முடித்ததும், “உள்ள வாங்க பெரிம்மா, டீ போடறேன்” என்றாள்.

என் பச்சைப் புடவை மட்டும் இல்லை, அந்த வருஷம் ஊரில் பல வீட்டில் பக்கெட் நிறம் மாறியது. எந்தப் புடவையைக் கேட்டாலும் நல்லா இருக்குது என்று சொல்லும் கடையில் எதை நம்பி எடுப்பது? எதிர்ச் சாரியில் இருந்த சின்னக் கடையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. முதலாளி அவளைக் கூப்பிட்டு, “முன்ன மாதிரி கஸ்டமர்கிட்ட மனசு விட்டுப் பேசும்மா” என்றாராம். “பேசிகினுதான் கீறேன் மொதலாளி, எல்லாம் நல்லா இருக்குதுன்னு” என்றாளாம் இவள். இவள் வாயை முன்னால் அவர்தான் மூடினார். இப்போது எங்கே பிடித்துத் திறப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

தேர்தலும் வந்தது. முதலாளி எங்கள் வார்டில் நின்றார். கடைப் பெண்கள் எல்லாரும் போனில் அவர் படத்தை ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அவர் தோற்றார். அந்தக் கடைப் பெண்களில் ஒருத்தி எங்கள் லைன் பெண்தான், நைட்டியில் வந்து நின்று, “நான் எதிர்க்கட்சிக்குப் போட்டேன் பாட்டிம்மா” என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள். ஸ்டேட்டஸில் அப்போதும் முதலாளி கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டுக்காரியின் விரலைப் பார்த்தேன். மை இல்லை. அதற்கப்புறம் வந்த கவுன்சிலரையும் அவள் திட்டவில்லை. புதுப் பைப்பிலும் அதே காற்றுதான் வந்தது. குடத்தை நிமிர்த்தி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். எங்கள் வரிசையில் இப்போது பழையபடி மூன்று பாஷையில் சண்டை மட்டும்தான் நடக்கிறது.

மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் கூடவே போனாள். அங்கே இவளும் ஒரு வேலை தேடிக்கொண்டாள். போன மாதம் போன் செய்தாள்.

“அங்க எப்படிடி? நல்லபடியா வச்சிருக்காங்களா?”

“ரொம்ப நல்லவங்க பெரிம்மா. எல்லாரும் ரொம்ப நல்லவங்க.”

நான் அதற்குமேல் கேட்கவில்லை.

“உங்க கொரல் இன்னா இப்படி கீது?” என்றாள். “பிரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லையா? போடலை, எனக்குத் தெரியும். மருமவளுங்க நல்லா இருக்கீங்க அத்தைன்னு சொல்லியிருப்பாளுங்க, நீங்களும் நம்பிகினு உக்காந்திருப்பீங்க. எழுவத்தாறு வயசுல உங்களுக்கு யாரு புத்தி சொல்றது?”

போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்தேன். மருமகள்கள் இரண்டு பேரும் சமையலறை வாசலில் நின்று கேட்டார்கள். நான் குறுக்கே பேசாமல் இருப்பதைப் பார்த்து, எனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்கள்.

அன்றைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பேத்தி, பெரியவனின் மகள், தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். இன்றைக்கு விடுமுறை, வீட்டில் இருக்கிறாள். இந்தா கண்ணு, போனைக் கீழே வை. இதைக் கையில் வாங்கிச் சத்தமாகப் படி. எழுத்துப் பிழையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆயா எங்கே தப்பாகச் சொல்லியிருக்கிறாள், எங்கே தன்னைத்தானே தூக்கி வைத்துக்கொண்டாள், அந்த இடத்தில் நிறுத்தி என்னைக் கேள். ‘சூப்பரா இருக்கு ஆயா’ என்று மட்டும் சொல்லிவிடாதே.